டிங் சுவான் டாங்: கஷாயமா, குருணையா, உருண்டையா?

மஞ்சள் கோழை கட்டி, நெஞ்சு இரைந்து, மூச்சு இழுக்கும் இருமலுக்குச் சீன மருத்துவர்கள் எழுதித் தரும் பழைய கூட்டுகளில் டிங் சுவான் டாங் முன்வரிசையில் நிற்பது. இன்று அது மூன்று உருவத்தில் விற்கிறது. பொட்டலம் கட்டித் தரும் காய்ந்த சரக்கு, வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் குருணை, புட்டியில் வரும் சின்னஞ்சிறு கறுப்பு உருண்டை. மூன்றின் மேலும் ஒரே பெயர்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், புட்டி உருண்டை ஒரு நாளைக்குத் தருவது கஷாயம் தருவதில் ஏழில் ஒரு பங்குதான். இந்தக் கூட்டைப் பற்றி வரும் புகழ்ச்சி, புகார் இரண்டும் பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் பிறக்கின்றன. "குடித்தேன், நெஞ்சு படபடத்தது" என்பவர் கஷாயக்காரர். "ஒரு மாதம் சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை" என்பவர் உருண்டைக்காரர்.

மிங் வம்சத்து அதிகாரி சாங் ஷிச்செ 1550இல் தொகுத்த மருந்து நூலில் இந்தக் கூட்டு வருகிறது. ஒன்பது சரக்கு. பாய் குவோ என்ற கிங்கோ விதை 21 எண்ணம், ஓடு நீக்கி இடித்து மஞ்சளாக வறுத்தது. மா ஹுவாங் என்ற தண்டு, குவான் டோங் ஹுவா என்ற பூமொட்டு, தேனில் வறுத்த சாங் பாய் பி என்ற வேர்ப்பட்டை, பதப்படுத்திய பான் ஷியா என்ற கிழங்கு ஆகிய நான்கும் தலா 3 சியன் (பழைய சீன எடை). சூ ஸு என்ற சிறு விதை 2 சியன். ஷிங் ரென் என்ற ஆப்ரிகாட் பருப்பு, ஹுவாங் சின் என்ற மஞ்சள் நிற வேர் தலா ஒன்றரைச் சியன். கான் சாவ் 1 சியன். மிங் காலத்துச் சியன் ஏறக்குறைய 3.7 கிராம், இன்றைய பாடநூல்கள் அதை 3 கிராமாகக் குறைத்தே எழுதுகின்றன. அந்தக் கணக்கில் 3 சியன் 9 கிராம், 2 சியன் 6, ஒன்றரைச் சியன் 4.5, 1 சியன் 3. கிங்கோ விதையை 9 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் பொட்டலம் 63 கிராம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குருணை டப்பாவையும் உருண்டைப் புட்டியையும் இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

கூட்டின் முதுகெலும்பு மா ஹுவாங். தமிழில் இதற்குப் புழங்கும் பெயர் இல்லை. எஃபெட்ரா என்ற செடியின் தண்டு. இலை என்று சொல்ல ஒன்றுமில்லாத, விளக்குமாற்றுக் குச்சி போன்ற செடி. உள் மங்கோலியா, ஷான்சி, கான்சு பக்கத்து வறண்ட நிலத்தில் வளர்வது. 1885இல் ஜப்பானியர் நாகாய் நாகாயோஷி இதிலிருந்து எஃபெட்ரினைப் பிரித்தெடுத்தார். 1924இல் பீக்கிங்கில் சென் கோ குவேயும் கார்ல் ஷ்மிட்டும் அது உடலில் என்ன செய்கிறது என்று எழுதிய பிறகு, அது ஆஸ்துமா மாத்திரையாக உலகம் முழுக்கப் போயிற்று. இந்தக் கஷாயத்தைக் குடித்து அரைமணி, ஒரு மணி நேரத்தில் மூச்சுக் குழாய் தளர்கிறதென்றால் அதற்குப் பெரும்பங்கு காரணம் இந்தக் குச்சிதான். இதயம் வேகமாக அடித்தாலும், இரவு தூக்கம் வராவிட்டாலும், இரத்த அழுத்தம் ஏறினாலும் காரணம் அதே குச்சிதான்.

எவ்வளவு எஃபெட்ரின்? சீன அரசு மருந்து நூலின்படி, நல்ல மா ஹுவாங்கில் எஃபெட்ரினும் சூடோஎஃபெட்ரினும் சேர்ந்து 0.8 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. 9 கிராம் மா ஹுவாங்கில் அந்தக் குறைந்தபட்சக் கணக்கிலேயே 72 மில்லிகிராம் இருக்கிறது. கொதியில் முழுவதும் இறங்காது என்றாலும் கணிசமாக இறங்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண்: அமெரிக்காவில் ஆஸ்துமாவுக்குக் கடையில் வாங்கக்கூடிய எஃபெட்ரின் மாத்திரையில் பெரியவர்களுக்கு ஒரு வேளை அளவு 12.5 முதல் 25 மில்லிகிராம், நாளொன்றுக்கு உச்சம் 150. ஆக, ஒரு பொட்டலக் கஷாயம் என்பது மெய்யாகவே மருந்து. "மூலிகைதானே" என்று சொல்லிக் குடிக்கிற பொருள் அல்ல.

மற்ற எட்டும் இதைச் சுற்றிக் கட்டப்பட்டவை. மா ஹுவாங் திறந்துவிடுகிறது. கிங்கோ விதை இறுக்கிப் பிடிக்கிறது. ஒன்று வெளியே தள்ள, ஒன்று உள்ளே அடக்க, மூச்சு சிதறாமல் இருக்கும் என்பது பழைய மருத்துவர்களின் கணக்கு. ஹுவாங் சினும் சாங் பாய் பியும் நுரையீரலின் சூட்டைத் தணிக்க. ஷிங் ரென், சூ ஸு, குவான் டோங் ஹுவா, பான் ஷியா நான்கும் மேலே ஏறும் மூச்சை இறக்கிக் கோழையைக் கரைக்க. கான் சாவ் நமக்குத் தெரிந்த அதிமதுரத்தின் இனம். எல்லாவற்றையும் இணக்கிப் போகும். இதிலிருந்தே யாருக்கு இந்தக் கூட்டு, யாருக்கு இல்லை என்பது விளங்கிவிடும். கோழை மஞ்சளாக, கெட்டியாக, நாக்கில் மஞ்சள் பூச்சோடு, உள்ளே சூடும் வெளியே சளிக் காய்ச்சல் குளிரும் இருந்தால் இது பொருந்தும். கோழை வெள்ளையாக, தண்ணீராக, நுரை நுரையாக வருகிறவருக்கு இது தவறான மருந்து. அவருக்கு எழுதுவது ஷியாவ் சிங் லாங் டாங் என்ற வேறு கூட்டு. அதில் சுக்கும் லவங்கப்பட்டைக் கொம்பும் உண்டு, ஹுவாங் சின் கிடையாது. காய்ச்சல் அதிகமாகி, வியர்த்து, தாகமெடுத்து இழுத்தால் ஜிப்சம் சேர்ந்த மா ஷிங் ஷி கான் டாங். வறண்ட தொண்டைக்கு நக்கிச் சாப்பிடும், தேன் போன்ற இனிப்புப் பாகு இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாதது. அதை ஆஸ்துமாவுக்கு வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய.

காய்ந்த சரக்கு: கடையில் எதைப் பார்ப்பது

பொட்டலமாக வாங்குவதானால் தராசைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம்.

மா ஹுவாங் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். குச்சியை ஒடித்தால் நடுவில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பொட்டு தெரியும். வைக்கோல் மஞ்சளாகிவிட்ட சரக்கு பழையது; பெரும்பாலும் சத்துப் போனது. இதே செடியின் வேர் தனியாக விற்கிறது, அதன் பெயரும் மா ஹுவாங்கில்தான் தொடங்கும். வேர் வியர்வையை நிறுத்துவது. தண்டு வியர்வையைத் திறப்பது. கட்டையாக, செம்பழுப்புத் தோலோடு, முறுக்கிக்கொண்டு வந்தால் திருப்பிக் கொடுங்கள். தேனில் வறுத்த மா ஹுவாங்கும் உண்டு: லேசாக ஒட்டும், நிறம் மஞ்சளாகும். வியர்க்க வைக்கும் குணம் குறைந்து, இழுப்புக்கான குணம் நிற்பதால், சளிக் காய்ச்சல் இல்லாமல் இழுப்பு மட்டும் உள்ளவருக்கு மருத்துவர்கள் அதையே எழுதுவார்கள். பச்சை எது, வறுத்தது எது என்று சீட்டில் குறிக்காவிட்டால் கடைக்காரர் தன் வழக்கப்படி கொடுப்பார், கேட்டு வாங்குங்கள்.

அதிகமாகக் கலப்படம் நடப்பது பான் ஷியாவில். இது சேம்பு இனத்துக் கிழங்கு. பதப்படுத்தாததை வாயில் வைத்தால் நாக்கும் தொண்டையும் குத்தி வீங்கும். ஆகவே சுண்ணாம்பும் அதிமதுரமும் சேர்த்து ஊறவைத்துப் பதப்படுத்தியதைத்தான் இந்தக் கூட்டில் போட வேண்டும். நல்ல சரக்கை உடைத்தால் உள்வரை ஒரே மஞ்சளாக இருக்கும். நடுவில் வெள்ளைக் கரு தெரிந்தால் பதம் முழுமையாகவில்லை. படிகாரத்தில் பதப்படுத்தியது, இஞ்சியும் படிகாரமும் சேர்த்தது என்று இன்னும் இரண்டு வகை உண்டு, அவை வேறு வேலைக்கு. 'தண்ணீர்ப் பான் ஷியா' என்ற மலிவுச் சரக்கு வேறு செடியின் கிழங்கு. நல்லது தட்டையான உருண்டை, இதுவோ கூம்பு. துண்டு போட்டுவிட்டால் கண்டுபிடிப்பது கடினம், அதனால் முழுக் கிழங்காகக் காட்டச் சொல்வது நல்லது. சுண்ணாம்பு வெள்ளையாக, மூக்கில் புளிப்பாக ஏறும் வாசனையோடு இருந்தால் கந்தகப் புகை போட்டிருக்கிறார்கள். ஆஸ்துமாக்காரருக்குக் கந்தகப் புகைச் சரக்கைக் கொடுப்பதைவிட மோசமான வியாபாரம் இல்லை. கந்தக டையாக்சைடு மூச்சுக் குழாயைச் சுருக்கக்கூடியது.

கிங்கோ விதையில் கவனம் வேண்டும். அதில் உள்ள கிங்கோடாக்சின் என்ற பொருள் வைட்டமின் பி6இன் வேலையைக் கெடுத்து வலிப்பை உண்டாக்கும். வறுத்தால் குறையும் என்று சொல்வார்கள். ஆனால் இந்தப் பொருள் சூட்டைத் தாங்குவது, முழுவதும் போகாது. குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். மூல நூலில் 21 விதை என்று இருக்கிறதே என்று வீட்டில் எண்ணிப் போடக்கூடாது. விதையின் பருமன் ஊருக்கு ஊர் மாறும். எடை போட்டு 9 கிராமோடு நிறுத்த வேண்டும். ஓடு உடைத்து, மெல்லிய தோலும் நடுவில் உள்ள பச்சை முளையும் நீக்கி, இடித்து, எண்ணெயில்லாத சட்டியில் மஞ்சளாகும்வரை வறுக்க வேண்டும். வெந்த விதையைக் கஷாயத்திலிருந்து எடுத்துத் தின்ன வேண்டாம். வலிப்பு வரலாறு உள்ளவருக்கு இந்தக் கூட்டே வேண்டாம்.

ஷிங் ரென் என்பது கசப்பு வாதுமை அல்ல, ஆப்ரிகாட் பழக் கொட்டையின் பருப்பு. கொதிநீரில் போட்டெடுத்துத் தோலுரித்த வெள்ளைப் பருப்பாக இருந்தால் அதன் நொதி செத்திருக்கும். தோலோடு உள்ள பருப்பை இடித்துக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் நொதி வேலை செய்து சயனைடு கிளம்பும். மருந்துக் குணமும் வீணாகும். பாயசத்துக்குப் போடுகிற இனிப்புப் பருப்பு வேறு, அது இங்கே உதவாது. பீச் பருப்பை மாற்றிக் கொடுப்பதும் நடக்கிறது: ஷிங் ரென் ஒரு பக்கம் கோணிய இதய வடிவம், பீச் பருப்பு நீளமாகத் தட்டையாக இருக்கும்.

குவான் டோங் ஹுவா விரியாத மொட்டாக, வெளிமடல் ஊதாச் சிவப்பாக இருக்க வேண்டும். பிய்த்தால் சிலந்தி நூல்போல் வெள்ளை இழை வரும். விரிந்த பூவும் நீண்ட காம்பும் எடையைக் கூட்டத்தான். ஹுவாங் சின் துண்டு நல்ல மஞ்சளாக இருக்கட்டும். பச்சை ஏறியிருந்தால் ஈரத்தில் கிடந்து கெட்டது. சாங் பாய் பி என்பது முசுக்கட்டை வேர்ப்பட்டை, மேல் மஞ்சள் தோல் சுரண்டியிருக்க வேண்டும். சூ ஸு கடுகைப் போன்ற சிறு விதை, நசுக்கினால் மணக்க வேண்டும், அவ்வளவுதான்.

காய்ச்சும் முறை

மண்பானை, கண்ணாடி, எனாமல், எவர்சில்வர் எதுவும் சரி. இரும்பும் அலுமினியமும் வேண்டாம். பட்டைகளின் துவர்ப்போடு சேர்ந்து நிறமும் ருசியும் கெடும்.

மா ஹுவாங்கை மட்டும் தனியாக 700 மில்லி நீரில் 15 நிமிடம் முதலில் கொதிக்கவிட வேண்டும். மேலே வரும் வெள்ளை நுரையைக் கரண்டியால் எடுத்து எறியுங்கள். நுரையோடு குடித்தால் மனம் எரிச்சலாகும், படபடக்கும் என்பது ஆயிரத்து எண்ணூறு ஆண்டுப் பழக்கம். அந்த நேரத்தில் மற்றச் சரக்குகளை (ஷிங் ரென் நீங்கலாக) மூழ்கும் அளவு குளிர்ந்த நீரில் ஊறவிடலாம். சூ ஸுவையும் கிங்கோவையும் இடித்துப் போடாவிட்டால் முழு விதை அப்படியே வெந்து, உள்ளே உள்ளது வெளியே வராது. கஷாயம் "வேலை செய்யவில்லை" என்பதற்கு இது ஒரு சாதாரணக் காரணம். ஊறியதை நீரோடு பானையில் சேர்த்து, கொதி வந்ததும் தீயைத் தணித்து 25 நிமிடம். இடித்த ஷிங் ரென்னைக் கடைசி 10 நிமிடத்தில் கொதிக்கும் நீரில் போடுங்கள். துணியில் வடிகட்டுவது முக்கியம்: மொட்டின் பஞ்சு தொண்டையில் பட்டால் இருமலைத் தூண்டும், வலைச் சல்லடை அதைப் பிடிக்காது. சக்கையில் மறுபடி 400 மில்லி நீர் ஊற்றி 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, இரண்டையும் கலந்தால் ஏறக்குறைய 400 மில்லி நிற்க வேண்டும். மிஞ்சினால் மூடியில்லாமல் சுண்ட விடலாம். அதை இரண்டு பங்காக்கிக் கொள்ளுங்கள்.

இரண்டு வடிப்பையும் கலக்காமல் காலையில் முதல் வடிப்பு, மாலையில் இரண்டாம் வடிப்பு என்று குடிப்பது பரவலான தவறு. முதல் வடிப்பில்தான் எஃபெட்ரின் பெரும்பகுதி இறங்கியிருக்கும். காலையில் படபடப்பு, மாலையில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்.

மூல நூல் மூன்று கிண்ண நீரை இரண்டாகச் சுண்டவைத்து, இஞ்சி சேர்க்காமல், எந்த நேரமானாலும் மெல்ல மெல்லக் குடிக்கச் சொல்கிறது. மெல்லக் குடிப்பது இன்றும் சரி: 200 மில்லியைப் பத்து நிமிடத்தில் சிறு சிறு மிடறாக எடுத்தால் குமட்டல் குறையும். "எந்த நேரமானாலும்" என்பதில்தான் எங்களுக்கு உடன்பாடில்லை. இரண்டாம் வேளையைப் பிற்பகல் 4 மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு குடித்தால் இரவு விழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். காப்பி, டீயையும் அந்த நாட்களில் பாதியாக்குங்கள்.

ருசி? கசப்பு, லேசான கார்ப்பு, பின்னால் ஒரு மங்கிய இனிப்பு. குழந்தைகள் குடிக்க மாட்டார்கள். பெரியவர்களும் மூன்றாம் நாளுக்குமேல் முகம் சுளிப்பார்கள்.

குருணை

தைவான், சீனத் தொழிற்சாலைகள் இந்தக் கஷாயத்தைக் காய்ச்சி, வற்றவைத்து, மாவில் ஏற்றிக் குருணையாக்குகின்றன. டப்பாவில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, செறிவு: 5க்கு 1 என்றால் 5 கிராம் சரக்கு 1 கிராம் குருணை ஆகியிருக்கிறது. 63 கிராம் பொட்டலத்துக்கு ஈடு 12.6 கிராம் குருணை. டப்பாவில் "2 கிராம், நாளுக்கு 3 வேளை" என்று இருந்தால் 6 கிராம். அதாவது 30 கிராம் சரக்கு, கஷாயத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அதில் மா ஹுவாங் பங்கு சுமார் 4.3 கிராம், எஃபெட்ரின் வகைகள் குறைந்தபட்சம் 34 மில்லிகிராம். வீட்டில் இருந்து வேலைக்குப் போய்வரும் ஒரு பெரியவருக்கு, மிதமான இழுப்புக்கு, இதுவே பெரும்பாலும் போதுமான, தாங்கக்கூடிய அளவு.

இரண்டு, ஒன்பது சரக்கும் ஒரே பானையில் வெந்ததா, தனித்தனிக் குருணைகளை மருத்துவமனையில் கலந்து தந்ததா என்பது. சேர்ந்து வெந்ததே நல்லது என்று பழைய மருத்துவர்கள் அடித்துச் சொல்வார்கள். எங்கள் தேர்வும் அதுதான், ஆனால் காரணம் எளியது: தனித்தனியாகக் கலக்கும்போது கலப்பவர் கை தவறினால் மா ஹுவாங் ஒரு கிராம் கூடிவிடும், யாருக்கும் தெரியாது. ஒரே பானைக் குருணையில் அந்தப் பயமில்லை. மறுபக்கம், இரத்த அழுத்தம் சற்று உள்ளவருக்கு மா ஹுவாங்கை மட்டும் குறைக்க வேண்டுமென்றால் தனித்தனிக் குருணைதான் வழி.

கரைக்கும்போது முதலில் கொஞ்சம் கொதிநீரில் குழைத்துவிட்டு, பிறகு 100 மில்லியாக்குங்கள். வெதுவெதுப்பான நீரில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். அடியில் படியும் வெள்ளை மாவு மருந்தல்ல, நிரப்பி. டப்பாவுக்குள் ஈரக் கரண்டி போகக்கூடாது. சிங்கப்பூர் வானிலையில் திறந்த டப்பா மூன்று வாரத்தில் கல்லாகிவிடும். ஒற்றை வேளைப் பொட்டலமாக வந்ததை வாங்குங்கள், சற்று விலை கூடினாலும்.

உருண்டை

இங்குதான் ஏமாற்றம். செறிவூட்டிய உருண்டைப் புட்டிகள் பலவற்றில் "8 உருண்டை, 3 கிராம் மூலச் சரக்குக்குச் சமம், 8 உருண்டை, நாளுக்கு 3 வேளை" என்று போட்டிருக்கும். 24 உருண்டை, 9 கிராம். 63இல் 9. மா ஹுவாங் 1.3 கிராம், எஃபெட்ரின் வகைகள் 10 மில்லிகிராம் சுமார். இழுப்பு வந்திருக்கும் நேரத்தில் இந்த அளவு எதையும் செய்யாது. சாதாரண இருமலை இரண்டு வாரம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அது தானாகவே தீர்கிற காலத்தில், உருண்டைக்குப் பேர் கிடைக்கிறது.

அளவு குறைவு என்பது ஒரு பக்கம். இன்னொன்று, புட்டியில் டிங் சுவான் என்ற பெயர் இருந்தாலே உள்ளே இந்த ஒன்பது சரக்குதான் என்று நம்ப முடியாது. 2004இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எஃபெட்ரின் உள்ள ஊட்டப் பொருட்களைத் தடை செய்த பிறகு, அந்தச் சந்தைக்குப் போகும் பல புட்டிகள் மா ஹுவாங்கை விட்டுவிட்டு வேறு எதையாவது வைத்து நிரப்புகின்றன. பெயர் மாறவில்லை. பக்கவாட்டில் உள்ள சரக்குப் பட்டியலைப் படிக்காமல் வாங்க வேண்டாம். மா ஹுவாங் இல்லாத உருண்டை மோசம் என்று சொல்லவில்லை, இதயக்காரருக்கு அதுவே பாதுகாப்பு. ஆனால் அது வேறு மருந்து.

மூன்றாவது வகையைப் பற்றித்தான் உரக்கச் சொல்ல வேண்டும். பெயரில்லாத பொட்டலத்தில், இணையத்தில், சந்தையில் விற்கும் "ஆஸ்துமா உருண்டை" ஒரே நாளில் இழுப்பை நிறுத்தினால் மகிழ வேண்டாம். சிங்கப்பூர், ஹாங்காங் சுகாதாரத் துறைகள் சீன மூலிகை என்ற பெயரில் விற்ற பொருட்களில் டெக்சாமெத்தசோன், ப்ரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் ஒளித்துக் கலந்திருப்பதைக் கண்டு பலமுறை எச்சரித்திருக்கின்றன. முகம் உப்புவது, பசி பேயாகப் பிடிப்பது, சர்க்கரை ஏறுவது அடையாளம். மாதக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து; புட்டியோடு மருத்துவரிடம் போய்ப் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். சிங்கப்பூரில் முறையாக விற்கும் சீன மருந்துக்கு உற்பத்தியாளர் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அச்சில் இருக்கும். மலேசியாவில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கி 'டி' (T) என்று முடியும் பதிவு எண் பார்க்கலாம்.

எங்கே கெடுகிறது

ஆஸ்துமாக்காரர் பலர் கவனிக்காதது பொட்டாசியம். சால்பூட்டமால் இன்ஹேலர் இரத்தப் பொட்டாசியத்தைக் குறைக்கும். ஸ்டீராய்டு மாத்திரை குறைக்கும். சிறுநீர் மாத்திரை குறைக்கும். கூட்டில் உள்ள கான் சாவ், அதிமதுரத்தைப் போலவே, நாள்பட்டால் பொட்டாசியத்தைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றும். 3 கிராம் சில நாளுக்குப் பெரிதல்ல. ஆனால் நான்கும் ஒருவரிடம் சேர்ந்தால் கால் பிடிப்பு, சோர்வு, இதயத் துடிப்புத் தடுமாற்றம் வரலாம்.

மா ஹுவாங்கோடு சேரக்கூடாதவை தெளிவானவை: எம்ஏஓ தடுப்பு வகை மனச்சோர்வு மாத்திரை, சூடோஎஃபெட்ரின் உள்ள மூக்கடைப்பு மாத்திரை, தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்து. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகைப்பு, குறுங்கோணக் கண் அழுத்தம், புரோஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடை, கர்ப்பம் ஆகியவற்றில் இதை எடுக்கக்கூடாது. குவான் டோங் ஹுவாவில் கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் அல்கலாய்டுகள் இருப்பதால் மாதக்கணக்கில் "தடுப்பு மருந்தாக" இதைக் குடிப்பதும் கூடாது. கஷாயத்தைக் குடித்தபின் நாக்கு மரத்தால் பான் ஷியா சரியில்லை, ஊற்றிவிடுங்கள். கோழை மஞ்சளிலிருந்து வெள்ளைத் தண்ணீராக மாறி, வயிறு இளகிக் குளிர ஆரம்பித்தால் சூடு தணிந்துவிட்டது. கூட்டை மாற்ற வேண்டிய நேரம். மூன்று முதல் ஐந்து நாள் பார்த்தும் மாற்றமில்லையென்றால் நீட்டுவதில் அர்த்தமில்லை.

ஆய்வு? தைவானில் இழுப்பு அடங்கி நிலையாக இருந்த ஆஸ்துமாக் குழந்தைகளிடம் நடந்த, 2006இல் வெளிவந்த இரட்டை மறைப்பு ஆய்வு ஒன்று, மூச்சுக் குழாயின் மிகையுணர்ச்சி இந்தக் கஷாயத்தால் குறைந்ததாகச் சொல்கிறது. சிறிய ஆய்வு, மருத்துவமனைக் கண்காணிப்பில் நடந்தது. அதைக் காட்டி வீட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்க முடியாது. திடீர் இழுப்புக்கும் இது மருந்தல்ல: ஊறவைத்து, நுரை எடுத்து, வடிப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். பேச்சு உடைந்து, உதடு நீலம் பாரித்தால் இன்ஹேலரும் ஆம்புலன்ஸும்தான். தடுப்பு இன்ஹேலரை இந்தக் கூட்டை நம்பி நிறுத்துகிறவர்களைத்தான் அவசரப் பிரிவில் பார்க்க நேர்கிறது.

பயணத்துக்குக் கட்டிக்கொள்வதாக இருந்தால் ஒன்று. எஃபெட்ரின் போதைப்பொருள் தயாரிப்புக்கான மூலப்பொருளாக உலக அளவில் கண்காணிக்கப்படுவது. மா ஹுவாங்கைக் கொண்டுபோகும் விதி நாட்டுக்கு நாடு வேறு. மருத்துவர் சீட்டில்லாமல் பொட்டலத்தைப் பெட்டியில் வைக்க வேண்டாம். விளையாட்டு வீரருக்கு இது போட்டிக் காலத்தில் அறவே ஆகாது: சிறுநீரில் எஃபெட்ரின் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் கணக்கில் குற்றம், அது மூலிகையிலிருந்து வந்ததென்றாலும்.